ஆள் சேர்த்துக் கொடுத்த வருடம்

எங்களை வேலையை விட்டு அனுப்புவதற்கு ஒன்பது மாதம் முன்பு, அதற்குப் பிறகு நாங்கள் எப்படிப் பிழைக்கவேண்டும் என்று எங்கள் தொண்டு நிறுவனமே எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தது. மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டல் மண்டபம். வெள்ளைத் துணி விரித்த மேசைகள், குளிரூட்டி, மதியத்துக்குப் புரியாணி. வெட்டப்போகிற ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டுவது என்பார்களே, அதுதான்.

நான் கள உத்தியோகத்தர். பன்னிரண்டு வருடம். திட்டத்தின் பெயர் நாலு தடவை மாறியது, நிறுவனத்தின் சின்னம் இரண்டு தடவை மாறியது, என் வேலை மாறவில்லை. களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலும் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலும் உள்ள பெண்கள் குழுக்களைக் கூட்டுவது, அவர்களோடு இருந்து கதைப்பது, வந்து அறிக்கை எழுதுவது. பெண்கள் என்னை 'மிஸ்' என்பார்கள். நான் யாருக்கும் எதுவும் படிப்பித்ததில்லை. ஆனாலும் நிறுவனத்திலிருந்து போகிற பெண் என்றால் எங்கள் பக்கத்தில் மிஸ்தான்.

பயிற்சி தந்தவர் கொழும்பிலிருந்து வந்த இளம் மனிதர். வேலையில் இருக்கும்போதே தொடர்புகளை வளர்க்கவேண்டும், வேலை போன பிறகு தேடிப் போனால் அது கையேந்துவதுபோல் ஆகிவிடும் என்றார். அது சரிதான். அதில் எனக்குக் குறை இல்லை. பிறகு ஆளுக்கொரு தாள் தந்து, எங்களுக்கு வேலை எடுத்துத் தரக்கூடிய இருபது பேரின் பெயரை எழுதச் சொன்னார். நான் நாலு பேர் எழுதினேன். அதில் ஒருவர் செத்துப்போய்விட்டார் என்பது தேநீர் இடைவேளையில்தான் நினைவுக்கு வந்தது.

"சும்மா யாரும் யாரையும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தேவையான எது உங்களிடம் இருக்கிறது? முதலில் அதைக் கொடுங்கள்" என்றார் அவர்.

"எங்களிட்ட என்ன சேர் இரிக்கி குடுக்கிறதுக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "யோசியுங்கள்" என்றார்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது யோசித்தேன். யோசிக்காமல் இருக்க முடியாது. என் கணவர் கட்டாரில் எட்டு வருடம் வெயிலில் நின்றுவிட்டு நீரிழிவோடு வந்து சேர்ந்தவர். வலது காலில் இரண்டு விரல் எடுத்தாயிற்று. மகள் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம். மார்கழியில் திட்டம் முடிந்தால் வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் என்று ஒருவரும் இல்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஆங்கிலம் வாசிப்பேன், எழுத வராது. என்னிடம் என்ன இருக்கிறது?

குருக்கள்மடம் தாண்டும்போது விடை கிடைத்தது. நான் கூப்பிட்டால் பெண்கள் வருவார்கள். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இதன் பெறுமதி வெளியில் உள்ளவர்களுக்கு விளங்காது. எங்கள் மாவட்டத்தில் எந்த நிறுவனமானாலும் கூட்டம் வைக்கவேண்டும். கூட்டத்துக்கு ஆட்கள் வேண்டும். ஆட்கள் கதிரையில் உட்கார்ந்திருக்கிற படம் வேண்டும், அவர்கள் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். காசு கொடுக்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து பார்க்க வரும் நாளில் மண்டபம் வெறுமையாக இருந்தால் அந்தத் திட்டம் செத்தது. ஆனால் எல்லா நிறுவனமும் அதே பெண்களைத்தான் கூப்பிடுகிறது. அவர்களும் எத்தனை தரம்தான் வருவார்கள்? ஒரு போன் அழைப்பில் நாற்பது பேரைக் கொண்டுவந்து இருத்தக்கூடிய ஆள் என்றால் அப்போது எங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு பேர்தான். நான் அதில் ஒருத்தி.

எல்லா நிறுவனங்களும் சேர்ந்து இருக்கும் மாதாந்தக் கூட்டத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் இணைப்பாளரைக் காண்பேன். நாற்பது வயதிருக்கும். பையில் இரண்டு பேனை. யாருடைய பிள்ளை எந்தச் சோதனை எழுதுகிறது என்று நினைவு வைத்துக் கேட்கிற ஆள். சித்திரைப் புதுவருடம் முடிந்து வந்த முதல் கூட்டத்தில் அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன சேர், பொண்ணு பார்க்கப் போய்த் திரும்பி வந்த மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க?" என்றேன்.

"வெளிநாட்டுக்காரர் வெள்ளிக்கிழம வாறாங்க அக்கா. எங்கட புள்ளைகள் ஊர் ஊராப் போய்ச் சொல்லியிரிக்கி. பதினைஞ்சு பேர் வந்தா அதிசயம்."

"எத்தின பேர் வேணும்?"

"நாப்பது."

"எத்தின மணிக்கு?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். வெள்ளிக்கிழமை நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். படுவான்கரையிலிருந்து ஒரு குழு முழுக்க வந்தது. வாவியைக் கடக்கிற இயந்திர மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். அந்தப் பாதையில் ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். அந்தக் குழுவின் தலைவி முப்பத்தைந்து வயதுப் பெண். பள்ளியில் உயர்தரம் வரை படித்தவள். கணவன் வாவியில் இறால் பிடிக்கிறவன். வெளிநாட்டுக்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள்தான் எழுந்து நின்று பதில் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு இணைப்பாளர் என்னிடம் வந்து, "நீங்க ஒரு ஆள்தான் அக்கா. வாற வருஷம் எங்களுக்குப் புதுத் திட்டம் ஒண்டு வருது. உங்கள மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றார்.

அதை நான் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன். என்னைத்தான் வேணும் என்று அவர் சொல்லவில்லை, என்னை மாதிரி ஆள் என்றுதான் சொன்னார். பசியில் இருக்கிறவளுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

அதன் பிறகு நான் அந்த மனிதருக்குப் பின்னால் திரிந்தேன். வேறு வார்த்தை தேடினாலும் இல்லை. அவருடைய மாமியார் செத்த வீட்டுக்குப் போனேன். மாமியாரை நான் உயிரோடு கண்டதில்லை. முப்பத்தோராம் நாள் சடங்குக்கும் போய், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தியில் சோறு போட்டேன். அவர் மகளுக்குப் பிறந்தநாள் என்றால் காலை ஆறு மணிக்கு வாழ்த்து அனுப்பினேன்.

ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக் கோயிலுக்குப் போனேன். அப்பா செத்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகப் போகிறவள் நான். அந்த வருடம் குளத்தில் இறங்கி நிற்கிறேன், கண் கூட்டத்தில் அவரைத் தேடுகிறது. அவரும் வருவார் என்று சொல்லியிருந்தார். ஈர வேட்டியோடு படியேறிக்கொண்டிருந்த மனிதரைப் பிடித்து, "சேர், அந்தத் திட்டம் எந்தளவில இரிக்கி?" என்று கேட்டேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "வருது அக்கா, வருது. முதல்ல முழுகிட்டு வாங்க" என்றார். நான் அப்பாவை நினைத்து முழுகினேனா, சும்மா மூழ்கி எழும்பினேனா என்று எனக்கே தெரியாது. இன்றைக்கும் அது எனக்குக் கூசுகிறது.

இரண்டாம் தடவையும் ஆள் சேர்த்துக் கொடுத்தேன். மூன்றாம் தடவை புரட்டாதியில். சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். இணைப்பாளர் கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் போன் எடுத்து, நாளைக்கே வேண்டும், மேலிடத்து ஆட்கள் திடீரென்று வருகிறார்கள் என்றார். நான் படுவான்கரைத் தலைவிக்கு எடுத்தேன்.

"நாளைக்கு ஏலா மிஸ். எங்கட வட்டையில நாளைக்கு வெட்டு மெசின் இறங்குது. கதிர் பொறுக்கப் போகணும்" என்றாள்.

மெசின் வெட்டிப் போன வயல்வெளியில் சிந்திக் கிடக்கும் நெற்கதிர்களைப் பெண்கள் பொறுக்குவார்கள். அந்த வட்டைக்கு அது அந்த ஒரு நாள்தான். அடுத்த நாள் மாடு இறங்கிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. நானே இதை அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

"ஒரு மணித்தியாலந்தான் புள்ள."

"உங்கட ஒரு மணித்தியாலம் எங்களுக்குத் தெரியாதா மிஸ்? விளக்கு ஏத்தவே ஒரு மணித்தியாலம். மறுகா மாலை போட, மறுகா பேச. வீட்ட வரப் பொழுதுபட்டிரும்."

"பேர் பதியிற கூட்டம்" என்றேன்.

"என்னத்துக்குப் பதியிற?"

"வந்தாத் தெரியும்."

பொய். பேர் பதிகிற கூட்டமல்ல அது. பேர் பதிகிறார்கள் என்றால் கோழிக்குஞ்சோ தையல் மெசினோ ஏதோ ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம். எங்கள் பெண்கள் அதற்காக எதையும் விட்டுவிட்டு வருவார்கள். அவர்களை அப்படிப் பழக்கியதும் நாங்கள்தான். பதினெட்டுப் பேர் வந்தார்கள். நாலு மணிவரை இருத்தினார்கள். சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். வெளியே வரும்போது ஒரு வயதான பெண், "மிஸ், பேர் பதியல்லயே?" என்றாள். "பிறகு பதிவாங்க" என்றேன். குழுத் தலைவி பார்சலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பாதைக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் அவசரப்படுத்தினாள்.

அடுத்த மாதம் இணைப்பாளர் பட்டியலைக் கேட்டார். "புதுத் திட்டத்துக்கு எழுதிக்கொண்டிரிக்கிறம் அக்கா. எங்களிட்ட ஆக்கள் இரிக்காங்க எண்டு காட்டணும். உங்கட குழுக்களிட விபரத்த, போன் நம்பரோட, எனக்கு ஒருக்கா அனுப்புவீங்களா?"

என்னிடம் இருந்தது எங்கள் அலுவலகத்துக்காக நான் எழுதிவந்த ஒரு பெரிய கொப்பி. முந்நூற்றுச் சொச்சப் பெண்கள். பெயர், வயது, ஊர், போன் இலக்கம், கடைசியில் குறிப்பு என்று ஒரு நிரல். விடுமுறைக்கு வந்திருந்த மகளை இருத்தி, கணினியில் அடிக்கச் சொன்னேன்.

"அம்மா, இது உங்கட கந்தோர்ட லிஸ்ட்தானே? வெளியில குடுக்கலாமா?"

"அடி."

"இந்தக் குறிப்பெல்லாம் வேணுமா? 'புருஷன் குடிச்சா அடிப்பான்' எண்டு எழுதியிரிக்கி. 'மூத்த மகள் வீட்ட விட்டுப் போயிற்றா' எண்டு இரிக்கி. இது ஆக்கள்ட சொந்த விசயம் அம்மா."

"எல்லாத்தையும் அடி. அப்பதான் அந்தச் சேருக்குத் தெரியும் எனக்கு எவ்வளவு தெரியும் எண்டு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடித்தாள். இரண்டு நாள் எடுத்தது. அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. அதன் பிறகு அவர் எனக்குப் போன் எடுக்கவில்லை. வேலைப்பளு என்று நினைத்தேன்.

மார்கழியில் எங்கள் திட்டம் முடிந்தது. ஒரு நினைவுச் சின்னமும் ஒரு கேக்கும் தந்து அனுப்பினார்கள். இரண்டு கிழமையில் இணைப்பாளரின் நிறுவனத்தில் கள உத்தியோகத்தர் வெற்றிடம் என்று அறிவித்தல் வந்தது. விண்ணப்பம் போட்டேன். தை மாதம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் அவர்.

என்னை முன்பின் தெரியாத ஆள் மாதிரி இருந்தார். 'அக்கா' இல்லை. "மிஸிஸ், உட்காருங்க" என்றார். அவர் மாமியாரின் பந்தியில் இந்தக் கை சோறு போட்டது. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவீர்களா என்று ஒருவர் கேட்டார். இந்த வயதில் தினமும் மோட்டார் சைக்கிளில் படுவான்கரைக்குப் போய்வர முடியுமா என்று மற்றவர் கேட்டார். அவர் கேட்டது இது: "சமூகத்தில் உங்களுக்கு எந்தளவுக்குத் தொடர்பு இருக்கு?"

"அது உங்களுக்குத் தெரியும்தானே சேர். லிஸ்ட் உங்களிட்டத்தானே இரிக்கி" என்றேன்.

மற்ற இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தாளைப் பார்த்தார். "நன்றி மிஸிஸ். அறிவிக்கிறோம்" என்றார். அந்த வார்த்தையை அடக்கியிருந்தால் வேலை கிடைத்திருக்குமா என்று பல நாள் யோசித்தேன். கிடைத்திருக்காது. முடிவு செய்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

அறிவிப்பு வரவில்லை. பத்து நாள் கழித்துப் படுவான்கரைத் தலைவியிடமிருந்துதான் போன் வந்தது.

"மிஸ், உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்ற எண்டே தெரியா. எனக்கு அந்த வேல கிடைச்சிட்டு."

"என்ன வேல?"

"கள உத்தியோகத்தர். அந்தச் சேர்ர நிறுவனத்தில. போன மாசம் சேர் போன் எடுத்தார். என்ட நம்பர் எப்பிடிக் கிடைச்ச எண்டு கேட்டன். உங்கட பேரச் சொன்னார். நீங்க என்னப் பத்தி நல்லா எழுதிக் குடுத்திரிக்கீங்களாம். நான் அழுதிட்டன் மிஸ்."

நான் எழுந்து போய் அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் இருந்தது: 'உயர்தரத்தில் சித்தியடைந்தவள். நன்றாகக் கதைப்பாள். கைபேசியில் அறிக்கை எழுதத் தெரியும். குழு இவள் சொல்லைக் கேட்கும்.' ஒரு வேலைக்கு ஆள் எடுப்பதற்கு இதைவிட என்ன சிபாரிசு வேண்டும்? ஊரிலேயே இருக்கிறாள், தினம் பாதை ஏறத் தேவையில்லை. என்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வருவாள். என் வேலைக்கு ஆளைத் தேடி, தகுதியையும் எழுதி, போன் இலக்கத்தோடு நானே அனுப்பியிருக்கிறேன்.

போனில் அவள் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்லாச் செய் புள்ள" என்று சொல்லி வைத்தேன். உண்மையைச் சொல்லவில்லை. இழந்ததுதான் இழந்தது, நல்லவள் என்ற பெயரையாவது எடுத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். கேவலம்தான். அன்றைக்கு அதுவும் தேவையாக இருந்தது.

மாசியில் ஒரு ஞாயிறு காலை அவள் வீட்டுக்கு வந்தாள். நிறுவனம் கொடுத்த மோட்டார் சைக்கிள், நிறுவனத்தின் சின்னம் போட்ட மேற்சட்டை. என் கணவர் முற்றத்தில் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். எழும்பப் பார்த்தார். "இரிங்க அண்ணன்" என்றாள். நான் தேத்தண்ணி போடப் போனேன். அவள் பின்னாலேயே குசினிக்குள் வந்துவிட்டாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டா?"

மிஸ் போய் அக்கா வந்திருந்தது. அதைக் கவனித்தேன்.

"கேள்."

"இந்த வேலைக்கு நீங்களும் போட்டிருந்தீங்களா?"

"ஆர் சொன்ன?"

"கந்தோர்ல பைல் அடுக்கச் சொன்னாங்க. உங்கட படம் ஒட்டின விண்ணப்பம் இரிந்திச்சி."

"ஓம். போட்டன்."

"அப்ப நான் நன்றி சொல்லக்குள்ள ஏன் அக்கா வாங்கிக்கொண்டு இரிந்தீங்க?"

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைத் தணித்தேன்.

"லிஸ்டையும் பார்த்தன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எங்கட குழுவில ஆர்ர புருஷன் அடிக்கிறான், ஆர்ர மகள் ஓடினா, எல்லாம் இரிக்கி. கந்தோர்ல அத வாசிச்சுச் சிரிக்கிறாங்க அக்கா. உங்களிட்ட எண்டுதானே நாங்க சொன்ன. எங்களக் கேட்டா குடுத்தீங்க?"

"இல்ல."

"கதிர் பொறுக்கிற நாளும் பேர் பதியிற எண்டு பொய்தானே சொன்னீங்க?"

"ஓம்."

"எனக்கு அப்பவே தெரியும். ரோட்டுக்கு வரக்குள்ளயே தெரியும். மிஸ்ஸுக்கு ஏதோ நெருக்கடி, போய் இருந்துட்டு வருவம் எண்டுதான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்த."

அடித்திருந்தால் பரவாயில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், எனக்கு அது வரும். என் வேலையில் நீ இருக்கிறாய், என்னைக் கேட்க வந்துவிட்டாயா என்று வாய்வரை வந்தது. அது உண்மையும்தான். அவள் அந்த இணைப்பாளரிடம் இதையெல்லாம் கேட்டாளா? கேட்டிருக்க மாட்டாள். சம்பளம் தருகிறவனிடம் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து என் குசினியில் நின்று என்னைத்தான் கேட்கிறாள். தேயிலையைப் போட்டேன். சீனி எவ்வளவு என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள்.

கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்று சொன்னாள்:

"வாற மாசம் வீடு வீடாப் போய் விபரம் எடுக்கிற வேல ஒண்டு இரிக்கி. பதினைஞ்சு நாள். ஆக்கள் தேடச் சொல்லி என்னிட்டத் தந்திரிக்காங்க. நாள் கூலிதான். பெரிசா ஒண்டும் இல்ல. உங்கட பேரக் குடுக்கட்டா? உங்களக் கேக்காமக் குடுக்கிற சரியில்ல எண்டுதான் வந்த."

பன்னிரண்டு வருடம் இப்படி விபரம் எடுக்கிற பிள்ளைகளை நான் மேய்த்தவள். வெயிலில் ஊர் ஊராகத் தாளும் பேனையுமாகத் திரிகிற, சோதனை எழுதி முடிவுக்குக் காத்திருக்கிற பெட்டைகள் செய்கிற வேலை. எந்த வீட்டில் யார் யார் என்று நான் எழுதிக் கொடுத்தேனோ, அதே வீடுகளின் படலையைத் தட்டி, உங்கள் பெயர் என்ன என்று கேட்கவேண்டும். அவர்களும் சொல்வார்கள். சிலர் சொல்லாமல் முகத்தைத் திருப்புவார்கள். இந்நேரம் கதை ஊருக்குள் போயிருக்கும்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. முற்றத்தில் கணவர் இருமினார். அவருக்கும் காது கேட்கும்.

"குடு" என்றேன்.

அவள் போனை எடுத்து, "முழுப் பேரச் சொல்லுங்க அக்கா" என்றாள். சொன்னேன். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டாள். உள்ளே போய் அட்டையை எடுத்துவந்து, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன்.